தைலப் பட்டையும் மொட்டை மாடியும்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் பெருஞ்சாலையில், ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படுகிற தடாவைச் சுற்றியுள்ள பிரதேசத்தில், தைலமரத் தோப்பொன்றில் வெட்டு நடக்கும் நாளில் சற்று நின்று பார்த்தால், மரத்தைவிட மரத்தின் மேலாடையே கண்ணை நிறைக்கும். சாய்த்த மரத்தைக் கோடரியின் பின்புறத்தால் தட்டி, நெகிழ்ந்த நுனியைக் கையால் பற்றி இழுத்தால், ஈரம் காயாத பட்டை சீலை கிழிவதுபோல் நீள நீளமாக உரிந்து வருகிறது. காகித ஆலைக்கு வேண்டுவது வெண்கட்டை மட்டுமே. ஆதலால் கட்டை லாரியேறிப் போக, மரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கான பட்டை அங்கேயே கிடந்து மக்குகிறது, அல்லது தீக்கிரையாகிறது.

அவ்வாறு எரிவது சாதாரண வஸ்துவன்று. வெயிலிலிருந்தும் காட்டுத்தீயிலிருந்தும் தன் ஜீவனைக் காத்துக்கொள்ள விருட்சம் தானே சமைத்துக்கொண்ட கவசம் அது; அதன் உலர்ந்த நுண்ணறைகளில் அசையாத காற்று அடைபட்டிருப்பதால் உஷ்ணம் அதனூடே எளிதில் செல்வதில்லை. நாம் புட்டியை மூடும் தக்கையும், போர்த்துகல் தேசத்தில் ஒருவகை ஓக் மரத்திலிருந்து, மரத்தை வெட்டாமலே ஒன்பது ஆண்டுகளுக்கொரு முறை உரித்தெடுக்கும் பட்டையே. 1890-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், மிதவை அங்கிகளுக்குத் தக்கைத் தூள் அடைக்கும் ஜான் ஸ்மித் என்பவரின் தொழிற்சாலையில், தூள் அடைத்த குழாய் ஒன்று இரவெல்லாம் நெருப்பருகே கிடந்து, விடிந்ததும் கரும்பழுப்பான ஒரே கட்டியாக இறுகியிருந்ததாம். பசையின்றித் தன் சாரத்தாலேயே ஒட்டிக்கொள்ளும் தக்கைப் பலகை இவ்வாறு பிறந்தது.

தக்கை மரமில்லாத நாட்டில் என் செய்வது என்ற வினாவுக்கு ஆஸ்திரியாவின் கூக்ல் நகரிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் சென்ற பத்தாண்டில் விடை தேடினர். மர அறுவை ஆலைகளில் மலைபோல் குவியும் லார்ச் மரப் பட்டையை உலர்த்தி, நொறுக்கி, சலித்து, பசை கலந்து சூடான அச்சில் அழுத்திப் பலகையாக்கினர். வெப்பங்கடத்தும் அளவை வாட் கணக்கில் சொல்வதானால், செங்கல்லுக்கு 0.7 என்ற அளவில் இருக்க, இப்பலகைக்கு 0.06, 0.07 அளவே, சுட்ட தக்கைக்கு 0.04. துணுக்குகள் பலகைக்கு இணையாகப் படுத்திருந்தால் தடுப்பு இன்னும் மேம்படுகிறது. பசையைக்கூடப் பட்டையிலிருந்தே எடுக்கலாம் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. தோல் பதனிட நம்மவர் ஆவாரம்பட்டையை நாடியதும், பருத்தி வலை கடல்நீரில் இற்றுப்போகாதிருக்க மீனவர் அதைச் சவுக்குப்பட்டைச் சாயத்தில் தோய்த்ததும் எந்தத் துவர்ப்புச் சத்துக்காகவோ, அதே சத்து மரப்பசையாகவும் உதவுகிறது.

குளிர்நாட்டார் உஷ்ணத்தை உள்ளே நிறுத்தப் பலகை தேடினர். நமக்கோ அது வெளியே நிற்கவேண்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கு மேல் அதை உறங்குவோர்மீது உமிழ்வதைச் சித்திரையில் அனுபவிக்காதவர் யார்? பட்டைப் பலகை வெறும் இலேசான நுரையன்று; தனக்கென உஷ்ணத்தைத் தேக்கும் கனமும் அதற்குண்டு. ஆதலால் நண்பகல் வெப்பம் அதைக் கடந்துவரப் பல நாழிகைகள் ஆகும்.

இடையூறுகளும் இல்லாமலில்லை. தைலப்பட்டை நாராக உரிவதால் எந்திரத்தின் பற்களில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். நம் மண்ணில் கரையானுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் காப்புத் தேடாமல் பலகையைச் சுவரில் பதிக்கலாகாது. தவிர, மண்ணிலிருந்து மரம் உறிஞ்சிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி பட்டையில்தான் தங்குகிறது. அதனால் ஒரு பங்கையாவது தோப்பிலேயே விடுமாறு உழவரை நான் வேண்டிக்கொள்வேன்.

தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கப்பால் தெரிவது ஸ்ரீஹரிகோட்டா. ஒரு காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் தோணிகளேறிச் சென்னை அடுப்புகளுக்கு விறகு அனுப்பிய தீவு அது. 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் விண்ணோடங்களைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டுகளிலோ, அனலைத் தாங்கத் தக்கைப் பூச்சு இட்டிருந்தார்கள். ராக்கெட்டுக்கு உதவிய அந்தக் காப்பு வீட்டுக்கும் உதவுமா என்றறிய, தகரக் கூரையின்கீழ் குடியிருக்கும் தொழிலாளி ஒருவரின் வீட்டில், அடுத்த சித்திரைக்குள் இத்தோப்பின் பட்டையாலான பலகைகளை வேய்ந்து, இரவில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.