எண்ணெயிற் கலந்த தண்ணீர்

நெடுந்தீவில் ஒரு மோட்டார் வண்டி பழுதுபட்டு நின்றால், அது வண்டிக்காரர் ஒருவருடைய இடையூறோடு முடிந்துவிடுவதில்லை. பட்டினத்தில் கராஜ் அடுத்த தெருவில் இருக்கும். தீவிலோ ஒரு சிறு தகடு வாங்கவேண்டுமாயினும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிலே சென்று குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்து, அவ்வாறே மீளவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகும் நிச்சயமில்லை. அத்தனை நாளும், நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் இறங்குதுறைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி முற்றத்தில் சும்மா நிற்கும். நயினாதீவிலும் நிலை ஏறக்குறைய இதுவே. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டாதலால் அங்கே துன்பம் சற்றுக் குறைவு.

வண்டிக்கு வரும் நோய்களுள் ஒன்று ஓசையின்றி வருவது. கவனியாது விட்டால் எஞ்சினையே கொன்றுவிடுவது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், உராய்வைத் தடுக்கும் எண்ணெயோடு கலந்துவிடுதலே அது.

எண்ணெய் அளக்கும் கோலை உருவிப் பார்த்தால், நல்ல எண்ணெய் தேன் நிறமாகவோ, பழகியபின் கறுப்பாகவோ இருக்கும். தண்ணீர் புகுந்த எண்ணெய் பால்விட்ட தேநீர்போல் வெளுத்துத் தடித்திருக்கும். எண்ணெயும் தண்ணீரும் சேராதவை என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆயினும் எஞ்சினுக்குள்ளே சுழலும் தண்டு, தயிரை மத்துக் கடைவதுபோல அவற்றைக் கடைந்து ஒன்றாக்கிவிடுகின்றது. இக்கலவைக்கு எண்ணெயின் வலிமை இல்லை. தண்டுக்கும் அதனைத் தாங்கும் 'பெயறிங்'குக்கும் இடையே நிற்கவேண்டிய மெல்லிய எண்ணெய்ப்படலம் கிழிகின்றது. உலோகம் உலோகத்தோடு உரைகின்றது. நிறம் மாறியதைக் கண்டபின்னும் 'இன்னும் ஒரு பயணம் ஓடிப் பார்ப்போம்' என்பவர், அந்த ஒரு பயணத்துக்கு எஞ்சினின் விலையைக் கொடுக்க நேர்வதுண்டு.

எனினும் வெளுப்பைக் கண்டவுடன் எஞ்சினைக் கழற்றத் தொடங்குவதும் அறிவுடைமையன்று. மாரிகாலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில், எஞ்சின் முழுச் சூடு பெறாமையால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படிந்து, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போற் சிறிது ஒட்டியிருக்கும். இது நோயன்று. உண்மையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை ஓர் இரவு முழுவதும் அசையாது நிறுத்தி, காலையில் எஞ்சினை முடுக்காமல், அடித்தொட்டியின் திருகாணியை மெல்லத் தளர்த்தவேண்டும். தண்ணீர் எண்ணெயினும் கனமானது. அடியிலே தங்கியிருந்தால் முதலில் அதுவே வெளிவரும். றேடியேற்றரில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைவதும், தரையில் ஒழுக்கு எதுவும் காணப்படாமையும் சேர்ந்தால் ஐயம் நீங்கும்.

அடுத்த வினா, தண்ணீர் எவ்வழியாகப் புகுந்தது என்பது. எஞ்சினின் உடலுக்கும் அதன்மேல் மூடியாக அமைந்த 'ஹெட்'டுக்கும் இடையே 'கஸ்கற்' என்னும் தகடு உண்டு. தீ எரியும் உருளைகளையும், தண்ணீர் வழிகளையும், எண்ணெய் வழிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பது இத்தகடே. யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் பேணிவந்த மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அவ்வண்டியில், 1952க்குப் பின் வந்த எஞ்சின்களிலே, வால்வுகளை உயர்த்தும் கோல்கள் ஏறி இறங்கும் துளைகள் ஹெட்டின் ஒரு பக்கத்தே உள்ளன. மேலே சென்ற எண்ணெய் அத்துளைகள் வழியாகவே அடித்தொட்டிக்குத் திரும்புகின்றது. தண்ணீர்த் துளைக்கும் அத்துளைக்கும் இடையே தகடு அரிக்கப்பட்டால், எஞ்சினின் வலுவிலே யாதொரு குறையும் தோன்றாமலே தண்ணீர் எண்ணெயிற் சேரும். உருளையின் பக்கமாக அரிக்கப்பட்டாலோ வலு குறையும்; புகைக்குழாயில் வெண்ணீராவி எழும்; றேடியேற்றரிற் குமிழிகள் தோன்றும். ஹெட் வெடித்தாலும் இவ்விளைவுகளே உண்டாகும். சில டீசல் எஞ்சின்களில் உருளைகளின் அடியிலுள்ள இறப்பர் வளையங்கள் தளர்வதும் உண்டு. எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக்கருவி உடைய புது வண்டிகளில் அதனையும் சோதிக்கவேண்டும்.

ஆனால் தகடு ஏன் அரிக்கப்பட்டது? தீவகத்தில் இவ்வினாவே முதன்மையானது. இதனைக் கேளாது தகட்டை மாத்திரம் மாற்றியவர் சில மாதங்களில் மறுபடியும் படகேறுவார். தீவுகளின் நிலம் சுண்ணாம்புக்கல். நிலத்தடி நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கின்றது. வேலணையிற் சாட்டி, நெடுந்தீவிற் சாராப்பிட்டி முதலிய சில இடங்களிலேயே நல்ல கிணறுகள் உண்டு. பிறவிடங்களிற் பெரும்பாலும் உவரே. அத்தகைய நீரை றேடியேற்றரில் ஊற்றினால், கேத்தலின் அடியிற் படிவதுபோன்ற வெண்படிவு குழாய்களை அடைக்கும், எஞ்சின் மிகையாகச் சூடேறும், ஹெட் வளையும். உப்போ இரும்பையும் செம்பையும் அரிக்கும். அலுமினிய ஹெட் உடைய இக்கால வண்டிகளை இன்னும் விரைவாக அரிக்கும். 1990க்குப் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் உருளைக்குள் அடித்து வெடிக்கும் இயல்புடையது. அவ்வடியும் தகட்டையே தாக்கும். அக்காலத்தில் உதிரிப்பாகமுமின்றி அவ்வண்டிகளை ஓடவைத்த கராஜ்காரரின் கைத்திறனைப் பட்டம் பெற்ற பொறியியலாளரும் வியப்பர்.

திருத்தும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். எஞ்சின் ஆறியபின் தண்ணீரை வடித்து ஹெட்டைக் கழற்றவேண்டும். வடித்த நீரிற் பச்சை அல்லது சிவப்புக் 'கூலன்ற்' கலந்திருந்தால் அதைத் திறந்த பாத்திரத்தில் விடலாகாது. அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. கோடையில் நீர் தேடி அலையும் மாடும் ஆடும் நெடுந்தீவுக் குதிரையும் குடித்தால் மாளும். பழைய தகடு கல்நார் கலந்ததாயின், தூசு எழாதபடி நனைத்துச் சுரண்டவேண்டும். ஹெட்டின்மேல் நேர்விளிம்புள்ள உருக்குக்கோலை வைத்து வளைவை அறியலாம். வளைந்திருந்தால் பட்டறையிற் சீவுவித்தல் வேண்டும். வெடிப்பை அறிய மண்ணெண்ணெய் பூசி, சற்றுப் பொறுத்துத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவினால், வெடிப்புள்ள இடத்தில் ஈரக்கோடு தெரியும். பழைய தகட்டை எறியாமல் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்வது நலம். துளைகளைப் பொருத்திப் பார்த்தே புதியதை வாங்கலாம். அடித்தொட்டியையும் இறக்கி 'பெயறிங்'குகள் உரைந்தனவா என்று பார்ப்பது அவசியம். பலரும் தவிர்க்கும் வேலை இது.

பூட்டும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி, பல தவணைகளாக முறுக்குதல் முறை. மொறிஸ் மைனர் 1000க்கு இறுதி முறுக்கு 40 அடி-இறாத்தல். கையின் உத்தேசம் இங்கே உதவாது. அளவு காட்டும் சாவியே வேண்டும். பின்பு மலிவான புது எண்ணெய் விட்டுச் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வடித்து, வடிகட்டியையும் மாற்றி, நல்ல எண்ணெய் இடவேண்டும். றேடியேற்றருக்குக் கிணற்றுநீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை கூரையைக் கழுவியபின் பிடித்து மூடிவைத்த மழைநீரே ஏற்றது. அதனோடு கூலன்ற்றைச் சொல்லிய அளவிற் சேர்க்கலாம். 200 கிலோமீற்றர் ஓடியபின் கோலை மீண்டும் உருவிப் பார்த்து, சிறிதளவு வெளுப்பு எஞ்சியிருந்தாலும் எண்ணெயை இன்னொருமுறை மாற்றவேண்டும்.