பழைய டீஸல் காரில் ஆயில் ஒழுகுகிறதா?

சித்தூரிலிருந்து கடப்பை செல்லும் சாலையில், திருப்பதி பாதை பிரியும் ஊர் புத்தலப்பட்டு. காணிப்பாக்கம் பிள்ளையாரையும் திருமலை வேங்கடவனையும் தரிசிக்கச் செல்வோரின் வண்டிகள் இவ்வழியே ஓய்வின்றி ஓடுகின்றன. புதிய கார்கள் எத்தனை வந்தாலும், பழைய அம்பாஸடர் டீஸல் காரைக் கைவிட மனமின்றிக் காப்பாற்றி வருபவர்கள் இப்பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் உள்ள கவலை ஒன்றே: காலையில் காரை நகர்த்தினால், நின்ற இடத்தில் கறுப்பாய் ஒரு வட்டம்!

மேற்கு வங்காளம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாஸடரில், 1980-ஐ ஒட்டி 1489 சி.சி. டீஸல் எஞ்சின் பொருத்தப்பட்டது. பிரிட்டிஷ் வடிவமைப்பில் உருவான எஞ்சின் அது. 2014 மே மாதத்தில் அம்பாஸடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இனி இருப்பதைப் பேணுவதுதான் வழி.

மூலம் எங்கே?

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசியும் ஆயில் எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, ஓடும்போது காற்றினால் பின்னே தள்ளப்பட்டு, கடைசியில் வேறெங்கோ சொட்டும். ஆகவே முதல் வேலை கழுவுவதே. எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் சுத்தமாகத் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும். சந்தேகமான இணைப்புகளில் முகப் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டி வந்து பார்த்தால், ஈரமான கோடு மூலத்தைக் காட்டிக் கொடுக்கும்.

இரவில் காரின் அடியில் பழைய அட்டையை விரித்து வைப்பதும் நல்ல யோசனை. கறுப்பான சொட்டு எஞ்சின் ஆயில். கெட்டியாகவும் காரமான நெடியுடனும் இருந்தால் கியர் ஆயில். நீர்த்து, டீஸல் வாடை அடித்தால் எரிபொருள் குழாயில் கசிவு.

மூச்சுக் குழாய்

பலர் தவற விடுவது இதைத்தான். டீஸல் எஞ்சினில் காற்று இருபது மடங்குக்கு மேல் அழுத்தப்படுகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி கீழே சம்ப்புக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்காக உள்ளதே பிரீதர் குழாய். அதில் பிசுக்கு அடைத்துக் கொண்டால், உள்ளே சேரும் அழுத்தம் ஒவ்வொரு கேஸ்கட் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் பயனிராது. முதலில் பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்த பிறகும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருமானால், கோளாறு ரிங்கில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வீட்டில் முடிவது, முடியாதது

டேப்பட் கவரின் கார்க் கேஸ்கட்டை வீட்டிலேயே மாற்றலாம். நட்டை மிகவும் இறுக்குவதுதான் பலர் செய்யும் தவறு. தகடு வளைந்து, கார்க் பிளந்து, முன்னிலும் அதிகமாக ஒழுகும். சம்ப்பின் டிரெயின் பிளக்குக்கு, ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புதிய செம்பு வாஷர் போட வேண்டும்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் விஷயம் வேறு. எஞ்சினின் பின்புறமிருந்தோ கியர் பாக்ஸின் முன்புறமிருந்தோ அது வரலாம். இரண்டுக்கும் பெரிய பாகங்களை இறக்க வேண்டும். அது ஒர்க் ஷாப்பில் செய்ய வேண்டிய வேலை.

உயிர் முக்கியம்

ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. ஜாக்கி நழுவினால் தப்ப நேரமிராது. சமதளமான, கெட்டியான தரையில் கார் நிற்க வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கிய பிறகே உள்ளே போகலாம். அடுக்கிய செங்கல்லை நம்ப வேண்டாம்; அது நொறுங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் கசிவை விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. அந்த அழுத்தத்தில் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். சிறு புள்ளிதானே என்று அலட்சியம் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழித்த ஆயிலைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டாமல், டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குவோரிடம் சேர்ப்பிப்பது ஊருக்கும் நல்லது.

பழைய எஞ்சினில் ஓரிரு சொட்டு இருக்கத்தான் செய்யும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அளவுக் கம்பியைப் பார்த்துக் குறித்து வைத்தால் போதும். அளவு வேகமாக இறங்கினால், நெடும் பயணத்துக்கு முன்பே பழுது பார்த்துவிட வேண்டும். வழியில் ஆயில் பிரஷர் குறைவதாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று துணிந்தால் பேரிங் போய்விடும். ஒரு கேஸ்கட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, எஞ்சினையே இறக்கும் செலவாக வந்து நிற்கும்.