மேல்மரபியல் ஆய்வும் சிறு முதலீட்டாளரும்

மனித உடலில் கண்ணின் செல்லும் கல்லீரலின் செல்லும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. ஆயினும் முன்னது ஒளியை உணர்கிறது. பின்னது பித்தநீரைச் சுரக்கிறது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை டி.என்.ஏ. மீதும், அது சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்கள் மீதும் பதியும் வேதிக் குறிகள் பெரிதும் நெறிப்படுத்துகின்றன. இக்குறிகளை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ் எனும் மேல்மரபியல். 1942-இல் இப்பெயரை வழங்கியவர் வாடிங்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

புற்றுநோயில் இக்குறிகள் பல இடம் மாறிவிடுகின்றன. அவற்றை மருந்தால் திருத்த இயலும் என்ற நம்பிக்கையே இத்துறையைப் பொதுமக்களின் பார்வைக்குக் கொண்டு வந்தது. இவ்வகை மருந்தான அசாசிடிடின், 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆய்வுச் செய்திகள் பெருகப் பெருக, சிறு நிறுவனங்களின் பங்குகளும் கவனம் பெற்றன.

ஒரு படிப்பினை

அமெரிக்காவில் 2007-இல் தொடங்கப்பட்ட எபிசைம் நிறுவனம், 2013-இல் ஒரு பங்கு 15 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்றது. ஹிஸ்டோனில் குறியிடும் ஒரு நொதியைத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் என்ற அதன் மருந்து, 2020 ஜனவரியில் அரிய வகைப் புற்றுநோய் ஒன்றிற்கு ஒப்புதல் பெற்றது. அறிவியல் வென்றது. ஆனால் அரிய நோய்க்கு நோயாளிகள் சிலரே. செலவுக்கு ஈடாக விற்பனை வளரவில்லை. 2022-இல் பிரெஞ்சு நிறுவனமான இப்சென், பங்கொன்றுக்கு 1.45 டாலர் ரொக்கமும், நிபந்தனைக்குட்பட்ட சிறு தொகையும் தருவதாகக் கூறி அதை வாங்கிக்கொண்டது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளை ஒட்டிய ஆரியங்கோட்டு விவசாயிக்குக் காத்திருத்தல் புதிதன்று. ரப்பர் நட்டால் பால் எடுக்க ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகும் என்பதை அவர் அறிவார். ஆனால் அங்கே மரம் அவருடையது. மருந்து நிறுவனத்திலோ, பணம் தீரும்போதெல்லாம் புதிய பங்குகள் வெளியிடப்படுகின்றன. பழைய பங்குதாரரின் உரிமை சுருங்குகிறது. மருந்து நோயாளிக்குப் பயன்பட்டாலும், தொடக்கத்தில் பணம் போட்டவர் நட்டமடையக்கூடும்.

நம் நாட்டு ஏற்பாடு

தொடக்க நிலையின் பேரிடரை எளிய குடும்பத்தின் சேமிப்பு சுமப்பது முறையன்று. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2012-இல் நிறுவிய பைராக் அமைப்பு, புதிய கருத்தைச் சோதித்துப் பார்க்க 50 இலட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. இங்கே முதல் இடரைப் பொதுநிதி ஏற்கிறது. அடுத்த கட்டத்தில் வருபவை மாற்று முதலீட்டு நிதியங்கள். 2012-ஆம் ஆண்டின் செபி விதிகள் அவற்றில் பொதுவாக ஒருவரின் குறைந்தபட்ச முதலீட்டை ஒரு கோடி ரூபாய் என நிர்ணயித்தன. இழப்பைத் தாங்க வல்லவரே இத்தகைய முதலீட்டில் இறங்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைப் பொறுத்தவரை இத்தகைய தடுப்பு இல்லை. எனவே வாங்குமுன் மூன்று வினாக்கள் தேவை: மருந்து மனிதரிடம் எந்தக் கட்டச் சோதனையில் உள்ளது? கையிருப்பு எத்தனை மாதங்களுக்குப் போதும்? பரிந்துரைப்பவர் செபியிடம் பதிவு பெற்றவரா?

திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் போன்ற ஆய்வு நிலையங்கள் மக்களிடம் அறிவியலை எடுத்துரைக்கும்போது, முடிந்தவற்றோடு முடியாதவற்றையும் கூறுவது நலம். கிராம நூலகங்களும் கூட்டுறவு வங்கிகளும் இதற்கு ஏற்ற களங்கள். ஆய்வு மக்களுக்குத் தெரிய வேண்டியதே. அதன் இடர்களும் அதே அளவு தெரிய வேண்டும்.