பணம் வரும் பின்னே, கணக்கு வரும் முன்னே

தோட்டப் பகுதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவருக்கு முதல் நாளே மாவு மூட்டையைக் கடனாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. முதலில் ஒரு கிலோ சீனி. சம்பள நாளில் அதைத் தீர்த்துவிட்டால், கடன் கொப்பியில் அவர் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். தர்ம நிறுவனங்கள் ஊர்ச் சங்கங்களைத் தெரிவு செய்வதும் ஏறக்குறைய இவ்வாறுதான்.

ஆபிரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1999இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட ஃபயர்லைட் அறக்கட்டளை மலாவி, சாம்பியா, தன்சானியா முதலிய நாடுகளில் சிறிய ஊர்ச் சங்கங்களுக்கு உதவி வருகிறது. இத்தகைய நிறுவனங்கள் விண்ணப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஏற்கனவே உதவி பெற்ற சங்கத்திடம் விசாரிக்கும், ஊருக்கு நேரில் வரும், சிறு தொகையொன்றைக் கொடுத்துப் பார்க்கும். நம்பிக்கை பிறந்த பின்னரே பல வருட உதவி.

இதற்கு நம் கேகாலை மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1906இல் இலங்கையில் தொடங்கிய சிக்கன, கடனுதவிக் கூட்டுறவு இயக்கம் காலப்போக்கில் சோர்ந்து கிடந்தது. 1978இல் வல்கம கிராமத்திலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய அதற்குப் புத்துயிர் கொடுத்தார். அதுவே சணச இயக்கம். ஏழைகளின் சிறு சேமிப்பே அதன் முதல். கனடாவின் கூட்டுறவு அமைப்பு போன்ற வெளிநாட்டுப் பங்காளிகள் பின்னர்தான் கைகொடுத்தனர். 1997இல் அது சணச அபிவிருத்தி வங்கியாகவும் வளர்ந்தது. சேமிப்பு முன்னே சென்றது, உதவி பின்னே வந்தது.

2016 மே 17ஆம் திகதியை மறக்க முடியுமா? அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டன. மறு வருடம் மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய வேளைகளில் சமைத்த சாப்பாடும் உடுதுணியும் தாராளமாக வந்து சேரும். ஆனால் ஆறு மாதம் கழித்து, ஒரு பிள்ளையின் படிப்புக்கோ ஒரு விதவையின் தையல் இயந்திரத்துக்கோ உதவ எத்தனை சங்கங்கள் நிலைத்து நிற்கின்றன?

நமது மஹல்லாக்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கம் உண்டு, ஸகாத் குழு உண்டு. லயன்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. நல்ல மனம் எல்லோரிடமும் இருக்கிறது. குறைவது தஸ்தாவேஜுதான். உதவ வருபவர் கேட்பவை இவை: பதிவுச் சான்றிதழ், யாப்பு, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, குறைந்தது இருவரின் கையொப்பம், கூட்ட அறிக்கைப் புத்தகம், கணக்காய்வு செய்த வரவு செலவு. தலைவரின் சொந்தக் கணக்கில் பொதுப்பணம் கிடந்தால், அவர் எவ்வளவு நாணயமானவரானாலும் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தையல் இயந்திரத்துக்குக் காசு தருகிறீர்கள். கணக்கு எழுதும் பிள்ளைக்கு மாதப்படி தர மறுக்கிறீர்கள். அந்தப் பிள்ளை போய்விட்டால் அடுத்த வருடம் உங்களுக்கு அறிக்கை அனுப்புவது யார்?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கடைக்கு எழுதும் நாம் பொதுப்பணத்துக்கு எழுதாமல் இருப்பது எப்படி நியாயம்? வருகிற ஜும்ஆவுக்குப் பின் உங்கள் பள்ளிவாசல் நிருவாக சபை ஒரு புதுக் கொப்பி வாங்கட்டும். பக்கத்துத் தோட்டத்துச் சங்கத்துக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, எழுதும் முறையையும் சொல்லிக் கொடுப்போம். அதுவும் ஒரு ஸதகாதான்.