கூண்டுக்குள் ஒரு குடும்பம் – 9: சீக்கிரம் விழித்த எலிகள்

போன வாரம் கினிப்பன்றிக் கூண்டின் அகலத்தோடு நிறுத்தினோம். தரை விரிப்பு, புல் இரண்டையும் இந்த வாரமே முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 1967-இல் வந்த ஓர் ஆய்வு என்னைப் பிடித்துக்கொண்டது.

‘சயின்ஸ்’ இதழில் எலியட் வெசெல் எழுதியது. ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தால், சிவப்பு சிடார், பைன் மரச் சீவலில் வைத்திருந்த எலிகள் சீக்கிரமே எழுந்துகொண்டன. காரணம் படுக்கை! கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அந்தச் சீவல் தூண்டிவிட்டிருந்தது. பீச், பிர்ச், மேப்பிள் சீவலுக்கு மாற்றியதும் நொதிகள் பழைய நிலைக்கு இறங்கின. மருந்து எலியின் உடம்புக்குள் போகும் முன்பே மரம் அதன் ஈரலில் வேலையை ஆரம்பித்துவிட்டது என்றால், மரச் சீவலின் அந்த ‘நல்ல வாசம்’ எவ்வளவு ஆழம் போகிறது பாருங்கள்.

ஆய்வுக்கூட விலங்குகள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூர். 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அங்கேதான். மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் அந்த ஊரில் கினிப்பன்றிகளை வைத்து ஸ்கர்வி நோயை ஆராய்ந்தார். அவருடைய கேள்வியெல்லாம் தீனியைப் பற்றியது. காலுக்குக் கீழே கிடப்பதும் சோதனையில் சேர்ந்ததுதான் என்று வெசெல்லின் எலிகள் காட்டிக்கொடுத்தன.

சரி, நம் ஊருக்கு வருவோம். மரம் அறுக்கும் மில்லில் மூட்டையாகக் கிடைக்கும் தூள் வேண்டவே வேண்டாம். எந்தெந்த மரம் கலந்தது என்று மில்காரருக்கே தெரியாது. பிளைவுட் பசையும் இருக்கலாம். பொடி நேராக நுரையீரலுக்குப் போகும்.

“தேங்காய் மஞ்சி போடுங்க, ஈரத்தை அப்படியே இழுத்துக்கும்ங்க” என்றார் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அண்ணன். இழுக்கும், உண்மைதான். ஆனால் பிராய்லர் கோழி அதன்மேல் இருப்பது நாற்பது நாள் சொச்சம். கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு வருடம் வாழும். காய்ந்தால் பறக்கும் தூசியை அத்தனை வருடம் சுவாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பூர் பனியன் வேஸ்ட்டும் ஆகாது. பருத்தி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கினிப்பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது. ஈரத்திலேயே நின்றால் புண்ணாகிவிடும். பிரிந்த நூல் விரலில் சுற்றினால் இன்னும் ஆபத்து.

நான் சொல்வது பாலியஸ்டர் பிளீஸ் துணி. அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, மேலே பிளீஸ். வாங்கியதும் கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி எதுவும் சேர்க்காமல் நான்கைந்து முறை துவையுங்கள். பிறகு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் மறுபடி துவையல். கீழே இறங்கினால் தயார். புழுக்கையைத் தினமும் கூட்டுங்கள். மூக்கை எரிக்கும் அம்மோனியா நெடி வரும்வரை துணியை விட்டுவைக்காதீர்கள்.

புல்லுக்கு இடமில்லை. காங்கேயம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லை அடுத்த வாரம் பார்ப்போம்.