மாடிப்படியில் ஒரு பாரமானி

எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் அந்த ஜாடி இருக்கும். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி, அதன் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் ரப்பர், ரப்பரின் நடுவில் ஒட்டிய ஸ்ட்ரா, பின்னால் கோடு போட்ட அட்டை. வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் ரப்பர் உள்ளே குழிந்து ஸ்ட்ராவின் நுனி மேலே போகும். குறைந்தால் ரப்பர் உப்பி, நுனி இறங்கும். ‘வெயில்’, ‘மழை’ என்று அட்டையில் எழுதியும் வைத்திருப்பார்கள். தத்துவம் சரி. ஆனால் ஜாடி அளப்பது பெரும்பாலும் அழுத்தத்தை அல்ல, சூட்டை.

கணக்கு சின்னதுதான். அடைபட்ட காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு விரிகிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல். அதில் முந்நூறில் ஒரு பங்கு 3.4. ஆக, ஒரு டிகிரி ஏறினாலே, அழுத்தம் 3.4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டதாக ஸ்ட்ரா சொல்லும். சென்னையில் காலைக்கும் பிற்பகலுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஜாடியை நம்பினால் தினமும் பிற்பகலில் 27 ஹெக்டோபாஸ்கல் சரிவு! நிஜமாகவே அவ்வளவு சரிந்தால் கடற்கரையில் கடும்புயல் நின்றுகொண்டிருக்கும்.

நம் பக்கத்தில் அழுத்தத்தின் அன்றாட நடமாட்டம் மிக அடக்கமானது. வெப்பமண்டலத்தில் பாரமானி நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நாலுக்குத் தாழ்வு. இரவு பத்துக்கும் விடிகாலை நாலுக்கும் அதேபோல இன்னொரு சுற்று. வீச்சு மூன்று, நான்கு ஹெக்டோபாஸ்கல்தான். மேல் வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால் எழும் அலை இது. தென்னமெரிக்காவில் பயணம் செய்த ஹும்போல்ட் இதன் ஒழுங்கைக் கண்டு வியந்தார். அந்த ஒழுங்கைப் பார்க்க ரப்பர் ஜாடி உதவாது.

உதவுவது, ஒரு குழாயும் அதற்குள் ஒரு திரவமும். 1644இல் டாரிசெல்லி எழுதி அறிவித்த சோதனையில் இருந்தது அவ்வளவுதான். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால் சுமார் 76 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். தண்ணீரைவிடப் பாதரசம் 13.6 மடங்கு கனம் என்பதால், தண்ணீரில் செய்தால் பத்து மீட்டருக்கு மேல் உயரமான குழாய் வேண்டும். இந்தக் கருவியில் நீளமே அழுத்தம். இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதில்லை, அடிக்கோல் போதும்.

எனக்கு டாரிசெல்லியைவிடப் பெரியே மேல் மதிப்பு அதிகம். பாஸ்கல் கேட்டுக்கொண்டதால், அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் புய் தெ டோம் மலைக்குப் பாதரசக் குழாயோடு ஏறினார். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். பாதரசம் எட்டரை சென்டிமீட்டர் இறங்கியது. புத்தகங்கள் இதைத்தான் சொல்லும். அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. கிளம்புமுன் இன்னொரு குழாயை மடத்துத் தோட்டத்தில் நிறுத்தி, ஒரு துறவியை நாள் முழுக்கக் காவல் வைத்தார். கீழே பாதரசம் அசையவில்லை. அதனால்தான் மேலே இறங்கியதற்கு வானிலை காரணமல்ல, உயரமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

இதே சோதனையை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் செய்யலாம். பாதரசம் வேண்டாம், அது விஷம். ஒரு லிட்டர் தெர்மாஸ் பிளாஸ்க், காற்றுப் புகாத ரப்பர் கார்க், மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் டியூப் போதும். கார்க்கில் டியூபைச் செருகி, வெளியே ‘U’ வடிவில் வளைத்து, அட்டையில் ஒட்டி, வளைவில் கொஞ்சம் சாயத்தண்ணீர். தரைத்தளத்தில் இரு பக்கமும் சமமட்டமாக வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறுங்கள். மேலே வெளியழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரைத் திறந்த பக்கம் தள்ளும். ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ, மூன்று மீட்டர் மாடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் வித்தியாசம் வர வேண்டும். பத்து மாடிக்கு மூன்றரை சென்டிமீட்டர். டியூப் மெல்லியதாக இருப்பது முக்கியம். தடித்த டியூபில் அதிகத் தண்ணீர் நகர்ந்து, உள்காற்றுக்கு இடம் கொடுத்து, அளவைக் குறைத்துவிடும். பிளாஸ்க் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்: பத்தில் ஒரு டிகிரி சூடு மாறினாலே ஒரு மாடி பிசகிவிடும். வேகமாக ஏறி, வேகமாக இறங்கி, கீழே மட்டம் பழையபடி வருகிறதா என்று பாருங்கள். அந்தத் துறவியின் வேலை இதுதான்.

வாயுவின் அழுத்தத்துக்கும் இதே வளைகுழாய்தான். கட்டட மேஸ்திரி மட்டம் பார்க்கும் டியூபை வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் சாண எரிவாயுக் கலனுக்கு மானி தயார். அழுத்தம் எல்லை மீறினால் தண்ணீரைத் துப்பி வாயு வெளியேறிவிடும், அதுவே பாதுகாப்பு வால்வும் ஆகிறது. சமையல் எரிவாயு ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும் அழுத்தம் சுமார் 30 சென்டிமீட்டர் தண்ணீர். டாக்டர் கைப்பட்டையில் காற்றடித்து அளக்கும் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தண்ணீராக்கினால் 163 சென்டிமீட்டர் வரும். அடுப்புக் கேஸைவிட நம் ரத்தம் ஐந்து மடங்குக்கு மேல் பலமாகத் தள்ளுகிறது!

ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டருக்குள், கதை வேறு. அங்கே திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கின்றன. திரவம் ஒரு கிலோ மிச்சமிருந்தாலும் பத்து கிலோ இருந்தாலும் ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதை மாற்றுவது அன்றைய சூடு. சிலிண்டர் வாயில் பொருத்தி “கேஸ் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்” என்று விற்கப்படும் முள் மீட்டர்கள் திரவம் தீரும்வரை பச்சையிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காசுக்கு ஒரு தராசு வாங்கலாம். சிலிண்டரின் மேல்பகுதியில் காலி எடை அச்சிட்டிருக்கும். நிறுத்துப் பார்த்து அதைக் கழித்தால் மிச்சம் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும்.