கற்றல் அடைவு மதிப்பீடு

கற்றல் அடைவு மதிப்பீடு என்பது மாணவர்கள் தம் வகுப்புக்குரிய அறிவையும் திறன்களையும் எந்த அளவு பெற்றுள்ளனர் என்பதை அளந்து அறிவிக்கும் முறையாகும். இதன் நோக்கங்கள் இரண்டு. தனி மாணவரின் நிலையை அறிவது ஒன்று. பள்ளி, மாவட்டம் அல்லது மாநிலத்தின் கல்வித் தரத்தை அறிவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு கருவிகள் தேவை.

மாணவர் மதிப்பீடு

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் முப்பருவ முறையுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு அறிமுகமானது. இதில் செயல்பாடுகள், சிறுதேர்வுகள் அடங்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்களும், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டன. கூட்டுத்தொகை தரநிலையாக அறிவிக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, 38 + 27 பெற்றவரும் 20 + 45 பெற்றவரும் 65 மதிப்பெண்களுடன் ஒரே 'பி2' தரநிலையில் அமைவர். முதலாமவருக்கு எழுத்துத் தேர்வில் உதவி தேவை என்பதைத் தரநிலை மட்டும் காட்டாது.

அடைவு ஆய்வுகள்

தேசிய அடைவு ஆய்வு 2017 நவம்பர் 13 அன்று 3, 5, 8 ஆம் வகுப்புகளிலும், 2021 நவம்பர் 12 அன்று 10 ஆம் வகுப்பையும் சேர்த்தும் நடத்தப்பட்டது. தெரிவு செய்யப்பட்ட பள்ளிகளின் மாணவர்கள் மட்டும் இதனை எழுதுவர். எவருக்கும் தேர்ச்சியோ தோல்வியோ இல்லை.

பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் வெளியிட்டுவரும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை வேறு வகையைச் சார்ந்தது. இதன் தன்னார்வலர்கள் ஊரகப் பகுதிகளில் வீடுதோறும் சென்று, 5 முதல் 16 வயது வரையிலான சிறாரின் வாசிப்பையும் கணக்கையும் நேரில் சோதிப்பர். 2 ஆம் வகுப்பு நிலையிலான கதையை வாசித்தலும், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தலும் இதன் உயர்நிலைகளாகும். பள்ளியை விட்டு நின்றவரும் இதில் இடம்பெறுவது இதன் சிறப்பு.

இராமநாதபுரம் மாவட்டம்

2018 இல் நிதி ஆயோக் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களுள், தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் இடம்பெற்றன. இம்மாவட்டங்களின் முன்னேற்றத்தை அளக்கும் குறியீடுகளில் கல்விக்கு 30% மதிப்பு தரப்பட்டது. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இராமநாதபுரம் 96.36% தேர்ச்சியுடன் மாநிலத்தில் மூன்றாமிடம் பெற்றது. மாநிலத் தேர்ச்சி 91.55% ஆகும்.

தேர்ச்சி விழுக்காட்டைக் கவனத்துடன் படிக்க வேண்டும். 35 மதிப்பெண் பெற்றவரும் 95 பெற்றவரும் அதில் ஒரே எண்ணிக்கையாகவே சேர்வர். மேலும், தேர்வு எழுதியவர்களே கணக்கில் கொள்ளப்படுவர். பாம்பன் தீவின் அக்காள்மடம் போன்ற ஒரு கடற்கரை ஊரில் எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திக் கடல்தொழிலுக்குச் சென்ற சிறுவன் ஒருவன் இருந்தால், அவனால் அந்த விழுக்காடு குறையாது. வீட்டுவழி ஆய்வில்தான் அத்தகையோர் தென்படுவர். எனினும் அதுவும் மாவட்டத்துக்கு 30 ஊர்களையே தெரிவு செய்வதால், தனியொரு பள்ளியைப் பற்றி எதுவும் கூறாது.

பன்னாட்டு ஒப்பீடு

15 வயது மாணவர்களுக்கான பீசா 2009 ஆய்வின் விரிவாக்கத்தில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் வெளியான முடிவுகளின்படி, தமிழ்நாட்டு மாணவர்களுள் ஏறத்தாழ 17% பேரே வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியிருந்தனர். பாடநூலில் இல்லாத பகுதிகளைப் படித்துப் பொருள்கொள்ளுமாறு இத்தேர்வு கேட்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் அரசு நிதியில் ஒப்பந்த அடிப்படையில் தனித்து இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு, அடைவு முடிவுகள் ஒப்பந்த நீட்டிப்பையே தீர்மானிக்கக் கூடியவை. 2009 இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு, இவற்றின் மாணவர்களை ஒத்த பின்னணியுடைய பொதுப்பள்ளி மாணவர்களுடன் ஒப்பிட்டது. கணிதத்தில் 17% சார்ட்டர் பள்ளிகள் மேலாகவும், 37% குறைவாகவும் இருந்தன. எஞ்சியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

வரம்புகள்

முடிவுகளைக் கொண்டு பள்ளிகளுக்குப் பரிசோ தண்டனையோ வழங்கப்படும்போது, தேர்வுக்குரியதை மட்டும் கற்பிக்கவும், பின்தங்கிய மாணவரைத் தவிர்க்கவும் தூண்டுதல் ஏற்படுகிறது. எனவே எந்த அறிக்கையிலும் சராசரியுடன், யார் சோதிக்கப்பட்டனர், யார் விடுபட்டனர் என்பதும் குறிப்பிடப்படல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

செயல்வழிக் கற்றல்
எண்ணும் எழுத்தும் திட்டம்
கல்வி உரிமைச் சட்டம், 2009